முதலில் வந்தவன்

யூனிஸுக்கும் ஜெபதாஸுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் குழந்தை இல்லை. நாகர்கோவிலில் நாலு வருஷம், பெங்களூரில் மூணு வருஷம், அமெரிக்காவில் சான் ஹோசேக்கு வந்தபின் நாலு வருஷம். ஊர் மாறும்போதெல்லாம் டாக்டர் மாறினார், சபையும் மாறியது. ஜெப விண்ணப்பப் பட்டியலில் மட்டும் அவர்கள் பேர் எங்கே போனாலும் இருந்தது.

2001 ஆகஸ்டில் டெஸ்ட் ட்யூப் முறையில் முயற்சி செய்து பார்ப்பதென்று ஜூன் மாதமே தீர்மானித்தார்கள். அதற்கு முன் நாற்பது நாள் உபவாசம் இருப்பதாக ஜெபதாஸ் பொருத்தனை செய்துகொண்டான். பகலில் தண்ணீர் மட்டும். மில்பிடாஸில் சிப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அவன் டெஸ்ட் என்ஜினியர். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். வெறும் வயிற்றோடு எட்டு மணி நேரம் மெஷின்களுக்கு நடுவில் நிற்பான். முப்பத்தெட்டு நாள் அப்படி நின்றான்.

முப்பத்தொன்பதாம் நாள் யாருக்கோ பிறந்தநாள். லஞ்ச் ரூமில் கேக் வெட்டி ஒரு தட்டை அவன் கையில் கொடுத்தார்கள். வழக்கமாக வேண்டாம் என்று சொல்லிவிடுவான். அன்று தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். 'ஜெபத்தக் கேக்க அங்க யாருமே இல்ல' என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அது அவனுடைய குரல்தான். கேக்கைத் தின்றான். மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி உபவாசத்தை முடித்து, சபையில் ஸ்தோத்திரம் சொன்னான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

யூனிஸ் உண்டானாள். இரட்டை. ஆனால் மே மாதம் பிறக்க வேண்டிய குழந்தைகள் பிப்ரவரியிலேயே வந்துவிட்டன. இருபத்தேழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முதல் குழந்தையின் பனிக்குடம் உடைந்தது. அதன் பின் மற்றதையும் உள்ளே வைத்திருக்க முடியாமல் சிசேரியன் செய்து எடுத்தார்கள். முதலில் பையன், கிறிஸ்டோ. ஆறு நிமிஷம் கழித்துப் பெண், ஜெபினா. இரண்டு பேரும் ஒரு கிலோவுக்குக் கீழே. நாலாம் நாள் ஸ்கேன் எடுத்தபோது கிறிஸ்டோவின் மூளையில் எந்தக் கோளாறும் இல்லை. ஜெபினாவின் மூளையில் ரத்தக்கசிவு இருந்தது. பிழைத்தாலும் கால்கள் பாதிக்கப்படலாம் என்று டாக்டர் நிதானமாக, படம் வரைந்து காட்டிச் சொன்னார்.

அன்றிலிருந்து ஜெபதாஸின் நாட்கள் ஒரே மாதிரி ஆகிவிட்டன. இரண்டரைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரி. மூன்று நிமிஷம் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவது. அப்புறம் ஜெபினாவின் இன்குபேட்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். கிறிஸ்டோவின் இன்குபேட்டர் இரண்டடி தள்ளி இருந்தது. போகும்போது ஒரு தடவை எட்டிப் பார்ப்பான். அவ்வளவுதான்.

பத்தாம் நாள் சபையிலிருந்து நாலு பேர் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார்கள். ஞாயிறு மதியம் ஓர் அமெரிக்க சர்ச்சின் ஹாலை வாடகைக்கு எடுத்துக் கூடும் தமிழ்ச் சபை அது. பெரியவர்களில் முதலாவது பேச்சு எப்போதும் வசந்தாமணி ஆன்ட்டியுடையதுதான். அறுபது வயது, பாளையங்கோட்டைக்காரர், மகனோடு இருக்கிறார். நன்றாக ஜெபிப்பார். மட்டன் குழம்பும் சோறும் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, யூனிஸின் தலையில் கைவைத்து ஜெபித்தார். முடித்துவிட்டுச் சொன்னார்:

"நான் மனசுல பட்டத சொல்லுதேன், தப்பா எடுத்துக்காதீங்க. தேவன் கொடுத்தா முழுசாதான் கொடுப்பாரு. எங்கயோ ஒரு அவிசுவாசம் உள்ள பூந்திருக்கு. அத ஒத்துக்கிட்டு அறிக்கை பண்ணிருங்க. பிள்ளைக்கு சரியாயிரும்."

யூனிஸ் கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜெபதாஸுக்கு வாயில் அந்த கேக்கின் இனிப்பு வந்து நின்ற மாதிரி இருந்தது. வாசல் வரை போய் எல்லோரையும் வழியனுப்பினான்.

வார்டில் ஜெபினாவுக்கு அடுத்த இடம் பெஹ்மன் என்கிற ஈரான்காரரின் மகளுக்கு. ஆர்மித்தா என்று பேர். பெஹ்மனுக்கு நாற்பது வயது இருக்கும். யாஸ்த் நகரத்தில் பிறந்தவர், இங்கே லிஃப்ட் ரிப்பேர் செய்யும் மெக்கானிக். பிரசவத்தில் அவர் மனைவி ஷிரீனின் கர்ப்பப்பை கிழிந்து, அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. அவள் மேல் மாடியில் இரண்டாவது வாரமாகப் படுத்திருந்தாள். பெஹ்மன் மேலேயும் கீழேயுமாகப் போய்வந்துகொண்டிருந்தார்.

நாலு மணிக்கு நர்ஸ்கள் ஷிஃப்ட் ரிப்போர்ட் கொடுக்கும்போது பெற்றோரை வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த அரைமணி நேரம் இரண்டு அப்பாக்களும் கஃபேட்டீரியாவில் உட்காருவார்கள். பேச்சு ஆங்கிலத்தில்தான். இருவருக்கும் அது பிறந்த பாஷை இல்லாததால் நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசிக்கொள்வார்கள்.

ஒருநாள் ஜெபதாஸ் கேட்டான்: "நீங்க முஸ்லிம்தானே? உங்க ஆளுங்க இதுக்கு என்ன சொல்வாங்க? குழந்தைங்க ஏன் கஷ்டப்படணும்?"

"நாங்க ஜொராஸ்ட்ரியன், உங்க நாட்டு பார்சிங்க மாதிரி" என்றார் பெஹ்மன். "யாஸ்த்ல இன்னும் கொஞ்சம் பேர் இருக்கோம். எங்ககிட்ட இதுக்கு ரெண்டு பதில் இருக்கு. ஒண்ணு எங்க பூசாரிங்க சொல்றது. இன்னொண்ணு அவங்க வேண்டாம்னு ஒதுக்கினது."

"ரெண்டையும் சொல்லுங்க."

"பூசாரிங்க சொல்றது சுலபம். நல்லது வேற, கெட்டது வேற. ஆரம்பத்துலேர்ந்தே ரெண்டும் தனித்தனி. கெட்டதுக்கும் கடவுளுக்கும் சம்பந்தமே இல்ல. அது வெளியிலேர்ந்து வந்து தாக்குது. அவர் எதிர்த்து நிக்கிறார், நாமும் கூட நிக்கணும். எங்கம்மா அப்படித்தான். போர்ல என் அண்ணன் செத்தப்போ, ஏன் இப்படி பண்ணினீங்கன்னு கடவுளை ஒரு தடவைகூட கேக்கல. அவர் பண்ணலையே."

"இன்னொண்ணு?"

பெஹ்மன் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ரொம்ப காலத்துக்கு முன்னாடி எங்கள்ல சில பேர், நல்லதுக்கும் கெட்டதுக்கும் அப்பா ஒருத்தர்தான்னு நம்பினாங்க. சுர்வான்னு பேர். காலம்னு அர்த்தம். எதுவும் உண்டாகறதுக்கு முன்னாடி அவர் மட்டும்தான் இருந்தார். வானத்தையும் பூமியையும் உண்டாக்க ஒரு மகன் வேணும்னு ஆயிரம் வருஷம் யாகம் பண்ணினார். ஆயிரமாவது வருஷம் முடியற நேரத்துல ஒரு நினைப்பு. 'இவ்வளவு பண்றமே, இதுல ஏதாவது பிரயோஜனம் உண்டா? மகன் பிறப்பானா?' அவ்வளவுதான். ஒரே ஒரு நினைப்பு."

ஜெபதாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"அந்த நேரத்துல ரெண்டு பிள்ளை உண்டாச்சு. யாகத்துலேர்ந்து ஓர்மஸ்த். வெளிச்சம், நல்லது எல்லாம் அவன். சந்தேகத்துலேர்ந்து அஹ்ரிமான். நோவு, சாவு, பொய் எல்லாம் அவன். எவன் முதல்ல வரானோ அவனுக்கு ராஜ்யம்னு சுர்வான் சத்தியம் பண்ணிட்டார். நல்லவன்தான் முந்துவான்னு நம்பிக்கை. கர்ப்பத்துக்குள்ள இருந்த ஓர்மஸ்த் இது தெரிஞ்சு கூட இருந்தவன்கிட்டயே சொல்லிட்டான். அஹ்ரிமான் கர்ப்பத்தைக் கிழிச்சுக்கிட்டு முதல்ல வந்து நின்னான். 'நீ யாரு?'ன்னார் அப்பா. 'உன் மகன்'னான். 'என் மகன் வெளிச்சமா, வாசனையா இருப்பான். நீ இருட்டு, நாத்தம்'னார். ஆனா சொன்ன சொல்ல மாத்த முடியல. ஒன்பதாயிரம் வருஷம் ராஜ்யம் உனக்கு, அதுக்கப்புறம் ஓர்மஸ்துக்குன்னு கெடு வெச்சுட்டார். நாம இப்போ அந்த ஒன்பதாயிரத்துக்குள்ள இருக்கோம். அதான் குழந்தைங்க கஷ்டப்படுது. அதான் கஷ்டத்துக்கு ஒரு முடிவும் இருக்கு."

"இத ஏன் உங்க பூசாரிங்க ஒதுக்கினாங்க?"

"கடவுள் சந்தேகப்பட்டார்னு எப்படி ஒத்துக்குவாங்க? கெட்டது அவர் வீட்டுலயே பிறந்ததுன்னு?" பெஹ்மன் லேசாகச் சிரித்தார். "எனக்கு அதுனாலதான் இந்தக் கதை புடிக்கும். ஆயிரம் வருஷம் காத்திருந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது?"

அரைமணி ஆகிவிட்டது. மேலே போனார்கள். மறுநாள் வேலையில் ஜெபதாஸுக்கு ஒரு டெஸ்டும் ஒழுங்காக ஓடவில்லை. ஒரே போர்டை மூன்று தடவை மாட்டிக் கழற்றினான். சாயங்காலம் கஃபேட்டீரியாவில் உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டான்.

"பெஹ்மன், நான் உபவாசத்துல ஒருநாள் சந்தேகப்பட்டேன். யாருமே கேக்கலன்னு நெனச்சேன். அப்புறம்தான் இந்த ரெண்டு பேரும் உண்டாச்சு. பையன்தான் பனிக்குடத்த உடைச்சிட்டு முதல்ல வந்தான். அவனுக்கு ஒண்ணும் ஆகல. அடி எல்லாம் அவளுக்கு. என் சந்தேகத்துல பிறந்தவன் அவன்தானா?"

பெஹ்மன் முன்னால் சாய்ந்தார். கோபத்தை அடக்கிக்கொள்வது தெரிந்தது.

"அவன் வெயிட் எவ்வளவு?"

"ஆயிரத்து நூறு கிராம்."

"ஆயிரத்து நூறு கிராம். ஒரு டம்ளர் ரத்தம்கூட அவன் உடம்புல கிடையாது. அவன் மேல போய் என் கதைய வெக்காதீங்க, ஜெப். அது உலகம் ஏன் இப்படி இருக்குன்னு கேட்டவங்களுக்கு யாரோ சொன்னது. குழந்தைய தரம் பிரிக்கறதுக்கு இல்ல." அப்புறம் குரலைத் தணித்துச் சொன்னார்: "எனக்குக் கேட்டா, சந்தேகப்பட்டது அந்த அப்பாவோட தப்பே இல்ல. எவன் முதல்ல வரானோ அவனுக்குன்னு பந்தயம் வெச்சார் பாருங்க, அது தப்பு. பெத்த பிள்ளைங்களுக்கு நடுவுல எவனாவது பந்தயம் வெப்பானா?"

ஜெபதாஸுக்கு முகம் சூடாகியது. அன்றைக்கும் அவன் ஜெபினா பக்கத்தில்தான் உட்கார்ந்தான். ஆனால் இரண்டடி தள்ளி இருந்த இன்குபேட்டர் பக்கம் கண் அடிக்கடி போய்வந்தது.

அடுத்த வியாழக்கிழமை ஜெபதாஸ் கைகழுவிவிட்டு உள்ளே வந்தபோது, ஜெபினாவுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. இன்குபேட்டர் இல்லை, மெஷின்கள் இல்லை. தரையைத் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. அவன் நர்ஸைப் பார்த்தான். அவள் தலையை மெல்ல அசைத்தாள். குடலில் தொற்று, ஒரே ராத்திரியில் முற்றிவிட்டது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

கார் நிறுத்துமிடத்தின் இரண்டாவது தளத்தில் பெஹ்மனின் வேனைக் கண்டுபிடித்தான். உள்ளே டிரைவர் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். ஜெபதாஸ் அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டான். கான்கிரீட் தூண்களுக்கு நடுவே மதிய வெயில் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. யாரோ சிரித்துப் பேசிக்கொண்டே கார்க் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

பெஹ்மன்தான் முதலில் பேசினார்.

"நேத்துக் காலைல ஷிரீன் கேட்டா. கீழ யார்கூடவோ தினம் பேசுறியே, என்ன பேசுவேன்னு. அந்தக் கதையச் சொன்னேன்."

"ம்."

"கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. 'கர்ப்பத்தைக் கிழிச்சிக்கிட்டு வந்தான்னு சொல்றியே, அது யாரோட கர்ப்பம்? அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சு?'" பெஹ்மன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கைகளையே பார்த்தார். "எனக்குத் தெரியல, ஜெப். சின்ன வயசுலேர்ந்து எத்தனையோ தடவ கேட்ட கதை. சில பேர் அது சுர்வானோட கர்ப்பமேதான்னு சொல்றாங்க. சில பேர் அவருக்கு ஒரு மனைவி இருந்தான்னு சொல்றாங்க. ஆனா அவளுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. நானும் கேட்டதில்ல. வயிறு கிழிஞ்சு படுத்திருக்கவகிட்டயே போய், ஏதோ துணி கிழிஞ்சதச் சொல்ற மாதிரி சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவர் அழவில்லை. கதவைத் திறந்து இறங்கினார்.

"மேல போறேன். அவ தனியா இருக்கா. நீங்களும் போங்க."

ஜெபதாஸ் போனான். வார்டுக்கு இல்லை. அதே மாடியில் தாய்மார்கள் பால் எடுக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் யூனிஸ் அங்கே மெஷினோடு உட்காருவாள். இந்த மூன்று வாரத்தில் அவன் அந்த அறைக்குப் போனதே இல்லை. கதவைத் தட்டினான்.

"யாரு?"

"நான்தான்."

யூனிஸ் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள். கண்கள் குழிவிழுந்திருந்தன. மேஜைமேல் இரண்டு சின்ன பாட்டிலில் பால். ஒவ்வொன்றிலும் விரல்கடை அளவு. பேரும் நேரமும் எழுதி ஒட்டியிருந்தாள்.

"அந்தப் பாப்பா போயிருச்சு" என்றான்.

"தெரியும். காலைல ஷிரீன் கூடதான் இருந்தேன்."

அவன் எதிரே உட்கார்ந்தான். கேக், லஞ்ச் ரூம், மனசுக்குள் வந்த குரல், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். பெஹ்மனிடம் கிறிஸ்டோவைப் பற்றி என்ன கேட்டான் என்பதையும் சொன்னான். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

யூனிஸ் பால் பாட்டிலின் மூடியை இறுக்கினாள்.

"நீங்க ஒரு நாள்" என்றாள். "நான் பதினோரு வருஷம். ஒரு நாள்கூட எனக்குப் பிள்ளை பிறக்கும்னு நான் நம்பினதில்ல. நீங்க ஜெபம் பண்ணலாம்னு சொல்லுவீங்க, நான் பக்கத்துல முழங்கால் போடுவேன். நாளைக்கு என்ன சமைக்கன்னு யோசிச்சுட்டு இருப்பேன். வசந்தாமணி ஆன்ட்டி அவிசுவாசம்னு சொன்னப்போ, என்னத்தான் சொல்லுதாங்கன்னு நெனச்சேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? டாக்டர் என்ன சொன்னாரு, நர்ஸ் என்ன சொன்னா, இதத்தான கேப்பீங்க. தையல் பிரிச்சப்போ எப்படி இருந்துச்சுன்னு நீங்க இன்னிக்கு வரைக்கும் கேக்கல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் கேட்டான். எப்படி இருந்துச்சு? அவள் சொன்னாள். சிசேரியன் டேபிளில் கிடந்தபோது கிறிஸ்டோவின் அழுகை ஒரு பூனைக்குட்டியுடையது மாதிரி கேட்டதையும், அடுத்த ஆறு நிமிஷம் ஒரு சத்தமும் கேட்காததையும் சொன்னாள். அந்த ஆறு நிமிஷத்தில் ஜெபம் பண்ணத் தோன்றவே இல்லை, எண்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன் என்றாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். நடுவில் ஒரு நர்ஸ் வந்து பாட்டில்களை எடுத்துப் போனாள்.

கடைசியில் யூனிஸ் சொன்னாள்: "பையன நீங்க தொடுறதில்லன்னு எனக்குத் தெரியும். நர்ஸுங்களுக்கும் தெரியும். உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல, எங்கிட்ட கேட்டாங்க. டாடிக்குப் பயமா இருக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"பயம் இல்ல, யூனி."

"என்னவா இருந்தாலும் சரி. வாங்க."

அன்று சாயங்காலம் ஜெபதாஸ் சட்டை பட்டன்களைக் கழற்றிவிட்டு ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். நர்ஸ் ஒயர்களையும் குழாய்களையும் ஒதுக்கி, கிறிஸ்டோவை எடுத்து அவன் நெஞ்சின்மேல் வைத்து, மேலே போர்வையைப் போர்த்தினாள். பையன் கனமே இல்லாமல் இருந்தான். நெஞ்சு முடிக்குள் சின்ன விரல்கள் வந்து பிடித்துக்கொண்டன. மானிட்டரில் நூற்று எழுபதில் ஓடிக்கொண்டிருந்த இதயத் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நூற்று ஐம்பதுக்கு இறங்கியது. ஜெபதாஸ் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தான். கால் மரத்துப் போனது. எழுந்திருக்க மனசில்லை.

இரண்டு குழந்தைகளும் மே மாதம் வீட்டுக்கு வந்தார்கள். பெஹ்மனும் ஷிரீனும் வீட்டைக் காலி செய்துகொண்டு லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் அவருடைய தங்கை பக்கம் போய்விட்டார்கள். ஜெபதாஸ் இரண்டு தடவை போன் செய்தான். முதல் தடவை பெஹ்மன் எடுத்து, பையன் எப்படி இருக்கான் என்று கேட்டார். இரண்டாவது தடவை அந்த நம்பர் இல்லை.

முதல் பிறந்தநாள் சபையில் நடந்தது. பாஸ்டர் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது ஜெபதாஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நான் உபவாசத்துல ஒருநாள் சந்தேகப்பட்டேன். ஒரு வருஷமா அதனாலதான் ஜெபினாவுக்கு இப்படி ஆச்சோன்னு பயந்துட்டு இருந்தேன். இப்போ அப்படி நெனக்கல. பிள்ளைங்க ஏன் கஷ்டப்படுதுன்னு எனக்குத் தெரியல. ஆனா நம்ம சந்தேகத்துக்குத் தண்டனையா நம்ம பிள்ளைய அடிக்கிற தேவன நான் கும்பிடல. அவ்வளவுதான்." ஸ்தோத்திரம் என்று வழக்கமாகச் சொல்பவர்கள்கூடச் சொல்லவில்லை. மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினான்.

மூன்று வாரம் வசந்தாமணி ஆன்ட்டி அவர்களோடு பேசவில்லை. நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை காலையில் தனியாக வீட்டுக்கு வந்தார். யூனிஸ் தரையில் பாயை விரித்து ஜெபினாவின் கால்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். தினம் நாலு தடவை செய்ய வேண்டிய பயிற்சி. ஆன்ட்டி சோபாவில் உட்காராமல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துது" என்றார். "மூளைக்காய்ச்சல்ல போயிட்டா. ஒன்பது வயசு. அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவுல ஜெபம் பண்ணிட்டே தூங்கிட்டேன். முழிச்சிருந்திருந்தா இருந்திருப்பாளோன்னு இருபத்தெட்டு வருஷமா நெனச்சுட்டு இருக்கேன். ஒன் வீட்டுக்காரரு பேசினப்போ எனக்கு எந்திரிச்சிப் போயிரலாம்னு இருந்துச்சு."

யூனிஸ் பயிற்சியை நிறுத்தினாள். "பேரு என்ன, ஆன்ட்டி?"

"ஸ்வர்ணா." அவர் பாயின் சுருக்கத்தை நீவிவிட்டார். அப்புறம் ஸ்வர்ணாவுக்குப் பாடப் பிடிக்கும் என்றும், வலது பக்கம் ஒரு தெத்துப்பல் என்றும், மீன் முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவாள் என்றும் சொன்னார். யூனிஸ் ஒவ்வொன்றாகக் கேட்டாள். காபி ஆறிவிட்டது.

போகும்போது ஆன்ட்டி கேட்டார்: "இந்தக் கால் பயிற்சிய எனக்குச் சொல்லிக் கொடு. நீ வேலைக்குத் திரும்பணும்லா?"

யூனிஸ் சொல்லிக் கொடுத்தாள். அப்புறம் மூன்று வருஷம், திங்கள் முதல் வெள்ளி வரை ஜெபினா பகலில் வசந்தாமணி ஆன்ட்டி வீட்டில்தான் இருந்தாள். ஆன்ட்டி அவளுக்காக ஜெபிப்பதையும் விடவில்லை, கால்களை நீட்டி மடக்குவதையும் விடவில்லை. நாலு வயதாகியும் ஜெபினா எதையாவது பிடிக்காமல் ஓரடிகூட வைத்ததில்லை.

2006 மார்ச்சில் ஒருநாள் பதினோரு மணிக்கு ஜெபதாஸின் மேஜையில் போன் அடித்தது.

"தம்பி, பதட்டப்படாத" என்றார் ஆன்ட்டி. "இப்போ அடுக்களைல நான் வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேன். ஹால்லேர்ந்து பிள்ளை நடந்து வந்துச்சு. காலுல பிரேஸ் போட்டிருக்கா, ஆனா எதையும் பிடிக்கல. நாலஞ்சு எட்டு இருக்கும். வந்து, பாட்டி, வாட் ஆர் யூ மேக்கிங்னு கேக்கா. நான் என்ன பதில் சொன்னேன்னே எனக்கு ஞாபகம் இல்ல. நீ யூனிஸுக்குச் சொல்லிரு. நான் போன வைக்கேன், பிள்ளை திரும்பி ஹாலுக்கு நடக்கப் பாக்கா."